கோட்டைக் கொச்சியில் கோட்டை எங்கே?

விளவங்கோட்டான்

என் அம்மாவுக்கு எழுபத்தாறு வயது. பிறந்தது கோட்டைக் கொச்சியில். தாத்தா அங்கே ஒரு கயிற்றுக் கம்பெனியில் கணக்கு எழுதினார். அம்மாவுக்கு ஒன்பது வயதானபோது வேலையை விட்டுவிட்டுக் குடும்பத்தோடு மார்த்தாண்டத்துக்கு வந்துவிட்டார். அதன் பிறகு அம்மா அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. ஆனால் "நாங்கள் கோட்டைக்குள்ளே குடியிருந்தவர்கள்" என்ற பெருமை மட்டும் இன்றுவரை குறையவில்லை. பக்கத்து வீட்டோடு வேலித் தகராறு வந்தால்கூட அந்த வாக்கியம் ஒருமுறை வெளியே வந்துவிடும்.

அதைக் கேட்டே வளர்ந்ததால் என் மனத்தில் ஒரு கோட்டை எழும்பியிருந்தது. பத்மநாபபுரத்து மதில்போல் ஒன்று. ஒரு பெரிய வாசல். வாசலுக்கு வெளியே கடல்.

போன வாரம் வேலையாக எர்ணாகுளம் போனேன். அரை நாள் ஓய்வு கிடைத்தது. படகில் அக்கரை போய் ஓர் ஆட்டோக்காரரிடம் "கோட்டையைப் பார்க்க வேண்டும்" என்றேன். ஒரு தேவாலயம் காட்டினார், இன்னொரு தேவாலயம் காட்டினார், சீனவலை காட்டினார், ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரத்தைக் காட்டினார். ஒரு மணி நேரம் சுற்றியபின் "கோட்டை?" என்று மறுபடி கேட்டதற்கு, கையை வட்டமாக வீசி "இதெல்லாம்தான் சாரே" என்றார். முந்நூறு ரூபாய் கொடுத்துவிட்டு வந்தேன்.

உண்மையிலேயே அங்கே கோட்டை இருந்ததா? இருந்தால் எங்கே போயிற்று? முழங்கால் வலியோடு இருக்கும் அம்மாவை அவ்வளவு தூரம் அழைத்துப் போவதற்கு அங்கே என்னதான் இருக்கிறது? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

பாறசாலை மருமகள்

அண்ணா, நான் மூன்று முறை போயிருக்கிறேன். மூன்று முறையும் மீன் வறுவல் தின்றேன், கம்மல் வாங்கினேன், படம் எடுத்தேன். கோட்டை எங்கே என்று கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை. இப்போது கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. தெரிந்தவர்கள் எழுதுங்கள், நானும் படிக்கிறேன்.

தோப்பும்படித் தமிழன்

நான் கொச்சிக்கு வந்து முப்பத்தொரு வருடமாகிறது. தோப்பும்படியில் படகு எஞ்சின் பழுது பார்க்கும் பட்டறை வைத்திருக்கிறேன். இந்தக் கேள்வியை ஊரிலிருந்து வரும் ஒவ்வொரு சொந்தக்காரரும் கேட்பார்கள். எனவே கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

கோட்டை இருந்தது. எல்லாம் நல்லமிளகுக்காக. கோழிக்கோட்டு அரசரான சாமூதிரிக்கும் கொச்சி ராஜாவுக்கும் நெடுநாள் பகை. போர்ச்சுகீசியருக்கு இடம் கொடுத்தார் என்பதற்காக 1503இல் சாமூதிரி கொச்சிமேல் படையெடுத்தார். ராஜா வைப்பின் தீவுக்குள் போய் ஒளிய வேண்டியதாயிற்று. அல்புகர்க் வந்து அவரை மீட்டதற்குப் பதிலாகத்தான் காயல் கடலோடு சேரும் அழிமுகத்தை ஒட்டிக் கோட்டை கட்டிக்கொள்ள அனுமதி கிடைத்தது. இந்தியாவில் ஐரோப்பியர் கட்டிய முதல் கோட்டை. கருங்கல்லெல்லாம் இல்லை. தென்னந்தடிகளை இரண்டு வரிசையாக நட்டு, நடுவில் மண்ணை நிரப்பி, சுற்றிலும் அகழி வெட்டினார்கள். நம் ஊரில் வாழைத் தோட்டத்துக்கு வேலி போடுவதைவிடக் கொஞ்சம் பெரிய ஏற்பாடு, அவ்வளவுதான். கல் பிறகுதான் வந்தது. தங்கள் அரசர் மனுவேலின் பெயரை அதற்கு வைத்தார்கள்.

1663 ஜனவரியில் டச்சுக்காரர் பிடித்தார்கள். பிடித்ததும் அவர்கள் செய்த முதல் வேலை நகரத்தைச் சுருக்கியது. இவ்வளவு பெரிய மதிலைக் காக்க ஆள் வைத்துச் சம்பளம் கொடுக்க முடியாது என்று கணக்குப் பார்த்து, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காக வெட்டிவிட்டு, அந்தச் சிறிய நகரத்தைச் சுற்றிப் புதிதாகக் கொத்தளங்கள் எழுப்பினார்கள். ஹாலந்து, கெல்டர்லாந்து, உட்ரெக்ட் என்று தங்கள் நாட்டு மாகாணங்களின் பெயர்களைச் சூட்டினார்கள். கத்தோலிக்கத் தேவாலயங்களை இடித்தார்கள். பிரான்சிஸ் தேவாலயத்தைத் தங்கள் வழிபாட்டுக்கு வைத்துக்கொண்டு, பெரிய சாந்தா குரூஸ் தேவாலயத்தை ஆயுதக் கிடங்காக்கினார்கள்.

1795இல் இங்கிலீஷ்காரர் வந்தார்கள். நெப்போலியன் காலத்துச் சண்டைகள் நடந்துகொண்டிருந்த நேரம். கொச்சியை மறுபடி டச்சுக்காரரிடமே கொடுக்க வேண்டி வந்தால் வெறும் மண்ணாகக் கொடுப்போம் என்று நினைத்தார்களோ என்னவோ, 1806இல் வெடிமருந்து வைத்துத் தகர்த்தார்கள். ஆட்டோக்காரர் கையை வட்டமாக வீசியதில் தவறே இல்லை. அந்த வட்டம்தான் மிச்சம்.

இருந்தாலும் சில துண்டுகள் உண்டு. கடலோரத்தில் பாஸ்டியன் பங்களா என்று ஒரு வீடு. ஸ்ட்ராம்பர்க் கொத்தளத்தின்மேல் 1667இல் கட்டியது, இப்போது அருங்காட்சியகம். வேறெங்கும் வீட்டுக்கு அடித்தளம் போடுவார்கள், அங்கே கொத்தளமே அடித்தளம். பழைய சாந்தா குரூஸின் ஒற்றைக் கருங்கல் தூண், இப்போதைய பேராலய வளாகத்தின் ஒரு மூலையில் தனியாக நிற்கிறது. கல்லைக் கல்லாகவே பார்க்க வேண்டும் என்று பிடிவாதமென்றால் வைப்பின் தீவின் வடகோடிக்குப் போய்ப் பள்ளிப்புறத்துக் கோட்டையைப் பாருங்கள். அறுகோணமாக, சின்னஞ்சிறியதாக இருக்கும். அதுவும் போர்ச்சுகீசியர் கட்டியதுதான். பிறகு டச்சுக்காரர் கைக்குப் போய், 1789இல் திருவிதாங்கூர் ராஜா விலைக்கு வாங்கினார்.

காலித்துறை

நான் தூத்துக்குடிக்காரன், பெண் எடுத்தது களியக்காவிளையில், அதனால் இங்கே பேச எனக்குப் பாதி உரிமை உண்டு என்று நினைக்கிறேன். கப்பலில் பதினெட்டு வருடம் இருந்தேன்.

மதில் சூழ்ந்த கடற்கரை நகரம் என்றால் இலங்கையின் காலியைத்தான் சொல்வேன். கொச்சியில் நீங்கள் கற்பனை செய்ய வேண்டியதையெல்லாம் அங்கே காலால் நடந்து பார்க்கலாம். 1588இல் போர்ச்சுகீசியர் தொடங்கினார்கள். 1640இல் டச்சுக்காரர் பிடித்து, அந்த நிலமுனை முழுவதையும் மதிலால் சுற்றி வளைத்துவிட்டார்கள். தரைப் பக்கத்தைக் காக்கும் மூன்று கொத்தளங்களுக்கும் சூரியன், சந்திரன், நட்சத்திரம் என்று பெயர். சாயங்காலம் மதில்மேல் ஏறி ஒரு சுற்று வந்தால் ஒரு பக்கம் கடல் அறைகிறது, மறுபக்கம் யாரோ வீட்டு முற்றத்தில் மிளகாய் காய்கிறது. பள்ளிக்கூடம், நீதிமன்றம், பள்ளிவாசல், தேவாலயம் எல்லாம் மதிலுக்குள். குடியிருக்கும் கோட்டை அது. 1988இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

பழைய வாசலின் உட்பக்கம் டச்சுக் கம்பெனியின் சின்னம், அதில் 1669 என்ற ஆண்டு, நடுவில் வி.ஓ.சி. என்ற மூன்றெழுத்து. தூத்துக்குடியில் வ.உ.சி. துறைமுகத்தில் கப்பல் ஏறியவன் நான். முதன்முறை அதைப் பார்த்தபோது இவர்கள் எங்கள் ஆளுக்கு எப்போது வாசல் கட்டினார்கள் என்று ஒரு நிமிடம் மலைத்துப்போனேன்.

2004 சுனாமியில் மதிலுக்கு வெளியே காலி நகரம் சின்னாபின்னமாயிற்று. பஸ் நிலையம், கிரிக்கெட் மைதானம் எல்லாம் நீரில் போயின. கோட்டைக்குள் சேதம் குறைவு. பீரங்கிக்கென்று கட்டிய மதில், 300 வருடம் கழித்து அலையைத் தடுத்தது. அதனால்தான் சொல்கிறேன், மதில் என்பது அலங்காரமல்ல. அது இல்லாத ஊருக்குக் கோட்டை என்று பெயர் வைத்துக்கொண்டால் போதுமா?

இன்னொன்று. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே 1409இல் எழுதுவித்த கல்வெட்டு ஒன்று காலியில் கிடைத்தது. சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழி. தமிழ்ப் பகுதியில் தேனாவரை நாயனார் என்ற தெய்வத்துக்குக் கொடுத்த காணிக்கைகளின் பட்டியல். 1911இல் கண்டெடுத்தபோது அது ஒரு வடிகாலின்மேல் மூடுகல்லாகக் கிடந்ததாம். இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

வேணாட்டான்

எல்லோருக்கும் வணக்கம். ஒரு சந்தேகம். போர்ச்சுகீசியன் கட்டினான், டச்சுக்காரன் சுருக்கினான், இங்கிலீஷ்காரன் வெடிவைத்தான். இதில் நாம் எங்கே வருகிறோம்? நல்லமிளகைக் கொள்ளையடித்தவன் தன் கிடங்குக்குப் பூட்டுப் போட்டதை ஏன் "பாரம்பரியம்" என்று கும்பிட வேண்டும்?

விளவங்கோட்டாரே, உங்கள் வீட்டிலிருந்து நாகர்கோவில் பஸ்ஸில் ஏறினால் வழியிலேயே புலியூர்க்குறிச்சி. உதயகிரிக் கோட்டை அங்கே முழுசாக நிற்கிறது. 1741இல் குளச்சலில் டச்சுக்காரரை மார்த்தாண்ட வர்மா தோற்கடித்தார். சிறைப்பட்ட டச்சுத் தளபதி டிலனாய் பிறகு அவருடைய படைக்கே பயிற்சி கொடுத்து "வலிய கப்பித்தான்", அதாவது பெரிய தளபதி, ஆனார். முப்பத்தாறு வருடம் இங்கேயே இருந்து 1777இல் இறந்தார். கல்லறை கோட்டைக்குள்ளேயே, தமிழும் லத்தீனும் பொறித்த கல்லோடு இருக்கிறது. டச்சுக்காரன் கட்டியதைப் பார்க்க ஏழு மணி நேரம் ரயிலில் போகிறீர்கள். டச்சுக்காரனைக் கட்டிவைத்த கோட்டை வீட்டு வாசலில் இருக்கிறது, அதற்கு யாரும் போவதில்லை.

கடலோரம்தான் வேண்டுமென்றால் வட்டக்கோட்டை. மதில்மேல் நின்றால் மலையும் கடலும் ஒரே பார்வையில் விழும். கம்மல் கடையெல்லாம் கிடையாது.

பாறசாலை மருமகள்

கம்மல் கடை என்று யாரைச் சொல்கிறீர்கள் என்று புரிகிறது. பரவாயில்லை.

செங்கோட்டை வாத்தியார்

வேணாட்டாருக்கு "நாம் எங்கே வருகிறோம்" என்ற கேள்வி. இரண்டு இடத்தில் வருகிறோம்.

முதலாவது அச்சு. இந்திய மொழிகளில் முதன்முதலாக, அந்த மொழியின் சொந்த எழுத்திலேயே இந்தியாவில் அச்சேறியது தமிழ். 1578 அக்டோபரில் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்', பதினாறே பக்கம். மறு வருடம், 1579 நவம்பர் 14 அன்று, இரண்டாவது நூலான 'கிரீசித்தியானி வணக்கம்' வெளிவந்தது. எங்கே என்று நினைக்கிறீர்கள்? கொச்சியில், சேசு சபையாரின் கல்லூரியில். இரண்டையும் தமிழாக்கியவர் அண்டிரிக் அடிகளார் என்று முத்துக்குளித்துறையில் அழைக்கப்பட்ட போர்ச்சுகீசியப் பாதிரியார். பரதவர்களுக்காக அச்சிட்ட நூல்கள் அவை. புள்ளியும் கிடையாது, சொற்களுக்கு நடுவே இடைவெளியும் பெயருக்குத்தான். படிக்கத் திணற வேண்டும். ஆனாலும் நாம் இப்போது தட்டச்சு செய்துகொண்டிருக்கும் எழுத்து, ஈயத்தில் வார்க்கப்பட்டு மையில் தோய்ந்து தாளில் விழுந்த மிகப் பழைய ஊர்களில் கொச்சியும் ஒன்று. கொச்சித் தெருக்களில் சுற்றும் தமிழர்களில் இதைத் தேடிப் போகிறவர் நூற்றுக்கு ஒருவர் இருந்தால் பெரிது.

இரண்டாவது, விளவங்கோட்டாரின் அம்மா விஷயம். கணக்குப் பார்த்தால் அவர் பிறந்தது 1948 வாக்கில். கோட்டைக் கொச்சி அப்போது கொச்சி ராஜ்யத்தைச் சேர்ந்ததல்ல. பக்கத்திலிருக்கும் மட்டாஞ்சேரி ராஜாவுடையது. கோட்டைக் கொச்சியோ இங்கிலீஷ்காரர் கைப்பற்றிய நாளிலிருந்து அவர்களிடமே இருந்து, மலபார் மாவட்டத்தின் ஒரு துண்டாகச் சென்னையிலிருந்து ஆளப்பட்டது. ஆக, உங்கள் அம்மா சென்னை மாகாணத்தில் பிறந்தவர். அப்போது மார்த்தாண்டமோ திருவிதாங்கூரில் இருந்தது.

1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் நான்கும் எங்கள் செங்கோட்டையின் ஒரு பகுதியும் சென்னை மாநிலத்துக்கு வந்தன. அதே நாளில் மலபார் மாவட்டத்தோடு கோட்டைக் கொச்சி கேரளத்துக்குப் போயிற்று. அம்மா முந்தின இரவு சென்னை மாநிலத்தில் படுத்துத் தூங்கி, காலையில் கேரளத்தில் எழுந்திருக்கிறார். அடுத்த வருடம் மார்த்தாண்டத்துக்கு வந்தபோது சொந்த ஊர் மாநிலம் மாறிக் காத்திருந்தது. அந்த நவம்பரை அவரிடம் கேட்டுப் பாருங்கள். என் அப்பா அந்த வாரம் பூராவும் வீட்டுத் திண்ணையில் சண்டைதான் போட்டுக்கொண்டிருந்தார். எதற்கு, யாரோடு என்பதை இங்கே எழுதினால் இழை திசைமாறிவிடும்.

விளவங்கோட்டான்

வாத்தியார் ஐயா, படித்ததும் அம்மாவிடம் கேட்டேன். மாநிலம் மாறியதெல்லாம் நினைவில்லையாம். பள்ளிக்கூடத்தில் மிட்டாய் கொடுத்தது நினைவிருக்கிறதாம். மார்த்தாண்டம் வந்து இங்கே பள்ளியில் சேர்ந்தபோது "மலையாளத்தி" என்று கூப்பிட்டார்களாம். அங்கே இருந்தவரை "பாண்டிக்காரி".

பேச்சு நீண்டது. எப்போதும் சொல்லாத ஒன்றைச் சொன்னாள். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால் பகலெல்லாம் தொப் தொப் என்று ஒரு சத்தம் கேட்டுக்கொண்டே இருக்குமாம். காற்றடித்தால் கஞ்சி வாடை வருமாம். எதிரே பெரிய மைதானம் முழுக்க வெள்ளைத் துணி. "பால்கடல் மாதிரி" என்றாள். அது எந்த இடமாக இருக்கும்?

பேத்தி

இதுவரை இந்தக் குழுவில் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இதற்கு நான் பதில் எழுதாவிட்டால் பாட்டி என்னை மன்னிக்க மாட்டாள்.

அது வெளி மைதானம். சத்தம் எங்கள் ஆட்களுடையது. என் அம்மாவின் அம்மா அங்கே பிறந்தவள். நான் வளர்ந்தது பாலக்காட்டுப் பக்கம். டச்சுக்காரர் தங்கள் சிப்பாய்களின் உடுப்பை வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து வண்ணார்களைக் கூட்டிவந்து குடிவைத்தார்கள் என்பதுதான் எங்கள் வீட்டு வரலாறு. கம்பெனிகள் மாறின. வெளுக்க வேண்டிய உடுப்பின் நிறமும் வெட்டும் மாறின. துவைகல் மாறவில்லை. வீட்டுக்குள் இன்றும் தமிழ்தான். அதைக் கேட்டால் நெல்லைக்காரரும் சிரிப்பார், கொச்சிக்காரரும் சிரிப்பார். அப்படி ஒரு தமிழ்.

முன்பு குளங்களில் துவைத்தார்கள். பிறகு 1970களில் இப்போதிருக்கும் துவைதுறை கட்டிக் கொடுக்கப்பட்டது. வரிசையாகத் தொட்டியும் கல்லும் கொண்ட சிறு சிறு அறைகள், ஆளுக்கொன்று. உலர்த்தும் முறையைப் பார்த்தால் கெட்டிக்காரத்தனம் புரியும். கொடியில் கிளிப் கிடையாது. இரண்டு கயிறுகளை முறுக்கிக் கட்டியிருப்பார்கள். துணியின் நுனியை முறுக்குக்குள் செருகிவிட்டால் கடற்காற்று எவ்வளவு இழுத்தாலும் வராது. காய்ந்த பிறகு ஓர் இழுப்பில் வந்துவிடும். அரிசிக் கஞ்சி, நீலம், சிரட்டைக் கரி போட்ட இரும்புப் பெட்டி. அந்தப் பெட்டியைத் தூக்கித் தூக்கிப் பாட்டியின் வலது தோள் இடது தோளைவிடத் தாழ்ந்துபோயிருந்தது.

பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் துணியில் அடையாளத்துக்குப் போடும் சேங்கொட்டைக் குறியைப் பார்த்து, எந்த வீட்டுத் துணி, அந்த வீட்டில் எத்தனை பேர், யாருக்குப் புதிதாகத் தொப்பை விழுந்திருக்கிறது என்பது வரை சொல்லிவிடுவாள்.

"வெளி" என்ற பெயருக்கு ஊரார் என்ன விளக்கம் சொல்வார்களோ தெரியாது. எங்கள் வீட்டில் ஒரே பொருள்தான்: கோட்டைக்கு வெளியே. கோட்டைக்குள் இருந்தவர்களின் அழுக்கு கோட்டைக்கு வெளியே வந்து, வெள்ளையாகித் திரும்பிப் போயிற்று. வேணாட்டார் அண்ணா, நாங்கள் இந்த இடத்தில் வருகிறோம்.

வேணாட்டான்

தங்கச்சி, இதற்கு என்னிடம் பதில் இல்லை. உதயகிரியை விட்டுக்கொடுக்கவும் மாட்டேன்.

ஆனால் ஒன்று சொல்கிறேன், இந்தத் துவைதுறையும் இப்போது வேடிக்கைப் பொருளாகிவிட்டதல்லவா? வெயிலில் துவைத்துக்கொண்டிருப்பவரின் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டுகிறார்கள். சீனவலைக்காரர்களும் மீனை நம்புவதில்லை. வெளிநாட்டுக்காரரைக் கயிற்றை இழுக்கவைத்துக் காசு வாங்குகிறார்கள். ஊர் முழுக்க நாடக மேடை.

தோப்பும்படித் தமிழன்

அண்ணாச்சி, வலையில் மீன் விழுந்தால் அவர்கள் ஏன் வெளிநாட்டுக்காரனைத் தேடப் போகிறார்கள்? ஒரு வலையை இறக்கி ஏற்ற நாலைந்து பேர் வேண்டும். தேக்குச் சட்டங்கள், கயிற்றில் தொங்கும் பாறாங்கற்கள். வலை மேலே வரவர ஒவ்வொரு கல்லாகத் தரையில் உட்காரும், எடை அப்படியே சமமாகும். பட்டறைக்காரன் கண்ணுக்கு அதைவிட அழகான எந்திரம் கிடையாது. ஆனால் அழிமுகத்தில் இப்போது வருவது பாதி நாள் பாயல் என்கிற நீர்க்களையும் பிளாஸ்டிக்கும்தான். தேக்கு விலை என்னவென்று உங்களுக்கே தெரியும். பல வலைகளில் மரத்துக்குப் பதில் இரும்புக் குழாய் வந்துவிட்டது. இந்த வலையைச் சீனர் கொண்டுவந்தார்கள் என்று ஒரு கட்சி, போர்ச்சுகீசியர் சீனக் கரையிலிருக்கும் மக்காவ் நகரிலிருந்து கொண்டுவந்தார்கள் என்று இன்னொரு கட்சி. எந்தக் கட்சி ஜெயித்தாலும் மரத்துக்குக் காசு வலைக்காரர்தான் கொடுக்க வேண்டும்.

நாடக மேடை என்பதில் பாதி உண்மை. 2012இல் தொடங்கிய பினாலே கலைவிழாவுக்குப் பிறகு பழைய கிடங்குகளுக்கு மவுசு கூடிவிட்டது, வாடகையும் கூடிவிட்டது. என் பட்டறையில் வேலை செய்யும் பையனின் குடும்பம் நான்கு தலைமுறை இருந்த வீட்டைக் காலி செய்துவிட்டுப் பள்ளுருத்திக்குப் போய்விட்டது. அந்த வீட்டில் இப்போது காப்பி விற்கிறார்கள். நான் இன்னும் உள்ளே போகவில்லை.

காலித்துறை அண்ணன் சொன்னதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிறேன். காலி அழகுதான். ஆனால் அங்கே உள்ளே நுழைந்தால் உள்ளே, வெளியே வந்தால் வெளியே. இங்கே நீங்கள் எப்போது கோட்டைக்குள் வந்தீர்கள் என்று உங்களுக்கே தெரியாது. பர்கர் தெருவில் நடக்கும்போது டச்சு வீடு; திரும்பினால் பிள்ளைகள் பந்து விளையாடும் அணிவகுப்பு மைதானம்; அதன் ஓரத்தில் வாஸ்கோ ட காமாவைப் புதைத்த தேவாலயம். 1524 கிறிஸ்துமசுக்கு முதல் நாள் இங்கே செத்தார். 1539இல் எலும்பை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். குழி மட்டும் கம்பி வேலி போட்டுப் பத்திரமாக இருக்கிறது. கோட்டை இல்லாத கோட்டையில் காமா இல்லாத கல்லறை.

காலித்துறை

கடைசி வரிக்காக உங்களுக்கு ஒரு கட்டன் சாயா கடன்பட்டிருக்கிறேன்.

நெறியாளர்

1956 பற்றித் தனி இழை ஏற்கெனவே இருக்கிறது, அதில் 400 பதிவுகளும் ஆகிவிட்டன. அந்தச் சண்டையை இங்கே கொண்டுவர வேண்டாம். வாத்தியார் ஐயா நாசூக்காக நிறுத்திக்கொண்டதற்கு நன்றி.

பாறசாலை மருமகள்

அம்மாவை அழைத்துப் போவது பற்றி யாருமே சொல்லவில்லையே! அண்ணா, எர்ணாகுளத்தில் இறங்கியதும் ஆட்டோவில் பாலம் சுற்றிப் போகாதீர்கள். உயர்நீதிமன்றத் துறையிலிருந்து வாட்டர் மெட்ரோ போகிறது. படகும் மேடையும் ஒரே மட்டத்தில் இருக்கும், முழங்காலுக்குச் சிரமமில்லை. குளிர்சாதனமும் உண்டு. மட்டாஞ்சேரி அரண்மனை வெள்ளிக்கிழமை மூடியிருக்கும், ஒருமுறை நான் போய் ஏமாந்திருக்கிறேன். டச்சுக் கல்லறைத் தோட்டம் பெரும்பாலும் பூட்டித்தான் கிடக்கும். வாசல் தூணில் 1724 என்றிருப்பதைக் கம்பி வழியே பார்த்துக்கொள்ளலாம். மார்ச், ஏப்ரல் வேண்டாம், புழுங்கித் தள்ளிவிடும்.

விளவங்கோட்டான்

போய் வந்துவிட்டோம். ஞாயிற்றுக்கிழமை. எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

படகில் ஜன்னலோரம் உட்கார்ந்த அம்மா அக்கரை வரும்வரை வாயே திறக்கவில்லை. சீனவலையைப் பார்த்ததும் "இது இவ்வளவு சின்னதா?" என்றாள். தேவாலயத்துக்குள் போனோம். காமாவின் குழியை எட்டிப் பார்த்துவிட்டு, மேலே கயிறு கட்டித் தொங்கும் பழைய துணி விசிறிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே ஆள் உட்கார்ந்து கயிற்றை இழுக்க, உள்ளே துரைமாருக்குக் காற்று வருமாம். "இழுத்தவனுக்கு யார் வீசினார்கள்?" என்று கேட்டாள். காவலருக்குத் தமிழ் புரிந்தது, சிரித்தார்.

பாஸ்டியன் பங்களாவில் ஒரு பழைய வரைபடம் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உதைத்தது. தோப்பும்படி அண்ணன் சொன்ன சுருக்கிய மதில் ஒரு சின்ன வளையம்தான். வெளி மைதானம் அதற்குத் தெற்கே வெகுதூரம். அம்மாவிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். மார்த்தாண்டத்தில் ஐம்பது வருடமாக வேலித் தகராறில் பயன்படுத்திய ஆயுதம் அது. சொல்லவில்லை.

வெளிக்குப் போனோம். ஞாயிறாக இருந்தும் ஐந்தாறு பேர் துவைத்துக்கொண்டிருந்தார்கள். சத்தத்தைக் கேட்டதும் அம்மா ஆட்டோவை நிறுத்தச் சொன்னாள். தாத்தாவின் வீட்டை அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்த வரிசையில் எல்லாம் மாடி வீடுகள். பெட்டி போட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர் தமிழில் விசாரித்தார். கயிற்றுக் கம்பெனிக் கணக்கர் என்றதும் அவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் மைதானத்தின் மூலையில் ஒரு கிணறு இருந்ததை அம்மா சொன்னாள். அது மூடப்பட்ட இடத்தை அவர் காட்டினார். இருவரும் அங்கே நின்று, எந்தப் பக்கம் எந்த மரம் இருந்தது என்று அரைமணி நேரம் வாதாடினார்கள். பேத்தி சொன்ன தமிழை அங்கேதான் கேட்டேன். அம்மாவும் அந்தத் தமிழுக்கு மாறிவிட்டாள், நான் இதுவரை கேட்டிராத ஒரு குரலில்.

பேச்சுவாக்கில் அவர் "கோட்டை அந்தப் பக்கம், நாம் இருப்பது வெளி" என்று சொல்லிவிட்டார். நான் வேறு பக்கம் பார்த்தேன். அம்மா அசரவில்லை. "மதிலைத்தான் வெடிவைத்துவிட்டார்களே, பிறகென்ன உள்ளே வெளியே" என்றாள். அச்சு, வெடிமருந்து, 1806 எல்லாவற்றையும் நான் ரயிலில் படித்துக் காட்டியிருந்தேன். அது எனக்கே திரும்பி வந்தது.

திரும்பும்போது என் வேட்டி ஒன்றை அந்தப் பெரியவரிடம் கொடுத்துக் கஞ்சி போட்டு வாங்கிக்கொண்டாள். கட்டினால் தகரம்போல் நிற்கிறது. உட்காரத்தான் முடியவில்லை.

வேணாட்டாரே, அடுத்தது உதயகிரி. டிலனாயின் கல்லறையில் தமிழ் எழுத்து இருக்கிறது என்றதும் அம்மா பிடித்துக்கொண்டாள். வாசலிலிருந்து கல்லறை வரைக்கும் எவ்வளவு தூரம் நடக்க வேண்டும்?

வேணாட்டான்

கொஞ்சம் நடக்கத்தான் வேண்டும், வழியில் மர நிழல் உண்டு. நாள் சொல்லுங்கள், வாசலில் நிற்கிறேன். அம்மாவுக்கு நொங்கு வாங்கிவைக்கிறேன். அந்த வேட்டியைக் கட்டிக்கொண்டு வராதீர்கள், கல்லில் உட்கார வேண்டியிருக்கும்.